கியர் சத்தம்: அப்படியே விடுவதா, ஆயில் மாற்றுவதா, இன்ஜினைத் திறப்பதா?

பைக் இன்ஜினில் கியர் சத்தம் வருகிறது என்று மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டினால் மூன்று பதில் கிடைக்கும். ஒருவர் "இந்த மாடலே இப்படித்தான், ஓட்டுங்க" என்பார். இன்னொருவர் கொஞ்சம் கெட்டியான ஆயிலாக ஊற்றச் சொல்வார். மூன்றாமவர் இன்ஜினை இறக்கிப் பிரித்தே ஆக வேண்டும் என்பார். மூவருமே அனுபவத்தில் இருந்துதான் பேசுகிறார்கள். அவரவர் பார்த்த வண்டியில் அவரவர் சொன்னது பலித்திருக்கும்.

இந்த மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு எதைச் செய்வது என்று கேட்கிறவர்கள் நிறைய. கேள்வி பெரும்பாலும் "சத்தம் ரொம்ப அதிகமாக இருக்கிறது, பிரிக்கலாமா?" என்றுதான் வருகிறது. சத்தம் அதிகமா குறைவா என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. எப்போது தோன்றுகிறது, எதைச் செய்தால் மறைகிறது என்று தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு வழியையும் எடை போடுவதற்கு முன், சத்தத்தைக் கண்டுபிடிக்கும் பகுதியை நீளமாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல் ஆபத்து. கிளட்ச், இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருக்கிறது. கியர் பெட்டிக்குள் ஒரு பல் உடைந்து இரண்டு கியர்களுக்கு நடுவே சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். கிளட்ச் லீவரைப் பிடித்தாலும் சக்கரம் விடுபடாது, ஏனென்றால் சிக்கல் கிளட்சைத் தாண்டி சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. சத்தம் இந்த வகையைச் சேர்ந்தது என்று சந்தேகம் வந்துவிட்டால் மற்ற எல்லாக் கணக்கும் அப்புறம்தான்.

இரண்டாவது, செய்த வேலையைத் திருப்ப முடியுமா என்பது. ஆயில் பிடிக்கவில்லை என்றால் வடித்துவிட்டு வேறு ஊற்றலாம். கம்பெனியில் பூட்டிய இன்ஜினை ஒருமுறை பிரித்துவிட்டால், அதன் பிறகு அதன் தரம் பூட்டுகிறவரின் கையைப் பொறுத்தது.

மூன்றாவது, கூடவே வரும் செலவு. கியரின் விலை ஒன்று. அதை எடுத்து மாட்டுவதற்காக வாங்க வேண்டிய கேஸ்கெட், ஆயில் சீல், பூட்டு வாஷர், சர்க்கிளிப், ஆயில், கூலி, வண்டி நின்றிருக்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்தால் அது வேறு ஒரு தொகை.

கடைசியாக, இந்த வண்டியை இன்னும் எத்தனை நாள் ஓட்டப்போகிறீர்கள் என்பது. அதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

## ஊளையும் கடகடப்பும்

கியர் சத்தம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பவை இரண்டு.

"உய்ங்" என்று வேகத்தோடு சுருதி ஏறுகிற ஊளை ஒன்று. இரண்டு பற்கள் உருளும்போது, ஒரு கியர் சீராகச் சுற்றினால் மற்றதும் அதே சீரில் சுற்ற வேண்டும். பல்லின் வடிவத்தில் சில மைக்ரான் பிசகினாலும், சுமையில் பல் லேசாக வளைந்தாலும், ஷாஃப்ட் கொஞ்சம் சாய்ந்தாலும் அந்தச் சீர் கெடுகிறது. ஒவ்வொரு பல் மாறும்போதும் ஒரு நுண்ணிய தள்ளல் விழும். அது வினாடிக்கு நூற்றுக்கணக்கில் நடக்கும்போது ஒரு ஸ்வரமாகக் கேட்கிறது. சாய்வாக வெட்டிய ஹெலிகல் பற்களில் ஒவ்வொரு பல்லும் ஒரு முனையில் இருந்து படிப்படியாகப் பிடிப்பதால் சத்தம் குறைவு. நேராக வெட்டிய பற்களில் அதிகம். பைக் கியர் பெட்டிகளில் பெரும்பாலும் நேர்ப்பற்கள்தான். கியர் மாற்றும்போது அவற்றில் சில பக்கவாட்டில் நகர்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். சாய்ந்த பல் சுமையில் கியரைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால் அந்த அமைப்புக்கு நேர்ப்பல் தோதானது. ஆகவே கொஞ்சம் ஊளை பைக்கோடு பிறந்தது.

கடகடப்பு வேறு. இரண்டு பற்களுக்கு நடுவே வெப்பத்தில் விரியவும் ஆயில் நிற்கவும் சிறு இடைவெளி வேண்டும். அதை பேக்லாஷ் என்பார்கள். ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் சுற்றுகிற ஷாஃப்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒருமுறை எரிகிறது. அதனால் ஐட்லிங்கில் கிராங்க் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. எரிபொருள் வெடிக்கும்போது துள்ளும், பிஸ்டன் கலவையை அமுக்கும்போது தயங்கும். அந்தத் துள்ளலில் பற்கள் இடைவெளிக்குள் முன்னும் பின்னும் தட்டிக்கொள்கின்றன. பற்கள் புத்தம் புதிதாக இருந்தாலும் ஐட்லிங் சீராக இல்லையென்றால் கடகடக்கும்.

சுருக்கமாக, ஊளை பல்லின் வடிவத்தைப் பற்றிப் பேசுகிறது, கடகடப்பு இடைவெளியையும் துள்ளலையும் பற்றிப் பேசுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. இதில் சேராத மூன்றாவது ஒன்று உண்டு: கரகரவென்று, சுருதியே இல்லாமல், மணல் அரைக்கிற மாதிரி வந்தால் அது பேரிங்.

## திறப்பதற்கு முன் செய்யும் சோதனைகள்

இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினின் சத்தத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

கிளட்ச் சோதனை. நியூட்ரலில் ஐட்லிங் ஓடட்டும். கிளட்ச் லீவரை முழுதாக அமுக்குங்கள். இப்போது பிரைமரி கியரும் (கிராங்க்கின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுவரும் ஜோடி) கிளட்சின் வெளிக்கூடான பாஸ்கெட்டும் இன்னும் சுற்றுகின்றன. கிளட்சின் உள்பகுதியான ஹப், அது சுற்றுகிற கியர் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட், அதோடு சேர்ந்து சுற்றிய கியர்கள் எல்லாம் ஓய்ந்துவிடும். சத்தமும் கூடவே ஓய்ந்தால் அது இன்புட் ஷாஃப்ட் பேரிங், கியர் பற்களின் இடைவெளி, பாஸ்கெட்டில் துள்ளலை விழுங்கும் டேம்பர் ஸ்பிரிங் ஆகியவற்றில் ஒன்று. அமுக்கியும் அப்படியே இருந்தால் பிரைமரி கியர், அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் கியர், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின், கிராங்க் பக்கம் தேட வேண்டும். அமுக்கும்போதுதான் தோன்றுகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். டுகாட்டியின் பழைய டிரை கிளட்ச் பைக்குகள் மட்டும் விதிவிலக்கு. லீவரை அமுக்கினால் தட்டுகள் தளர்ந்து சலசலப்பது அவற்றின் இயல்பு.

ஆர்பிஎம் கொஞ்சம் ஏற்றுவது. முதல் சோதனையில் ஓய்ந்த சத்தத்தை இதை வைத்துப் பிரிக்கலாம். 1,200 ஆர்பிஎம்மில் கடகடத்தது 1,800-இல் மறைந்தால் துள்ளலால் வந்த தட்டல். ஐட்லிங்கையும் டேம்பரையும் பார்க்க வேண்டும். ஏற்ற ஏற்ற கரகரப்பு விடாமல் வளர்ந்தால் பேரிங் மீது சந்தேகம் வைக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பது. ஒரே வேகத்தில் ஒவ்வொரு கியராக மாற்றிக் கேளுங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளை இருந்தால் அந்த ஜோடிதான். எல்லாக் கியரிலும் ஆர்பிஎம்மைப் பின்தொடர்ந்து ஒரே சுருதியில் வந்தால் பிரைமரி கியர். ஆக்சிலரேட்டர் முறுக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது ஒரு மாதிரி இருந்தால் பல்லின் ஒரு முகம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பழைய பிரிட்டிஷ் பாணிக் கியர் பெட்டிகளில் டாப் கியர் நேரடி இணைப்பு. அவற்றில் டாப் கியருக்கு வந்ததும் ஊளை அடங்குவது இயல்பு.

உருள விடுவது. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் கிளட்சைப் பிடித்து, ஆர்பிஎம் ஐட்லிங்குக்கு இறங்க, வண்டியை உருள விடுங்கள். சத்தம் சக்கர வேகத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அது இன்ஜின் கியரே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். செயின், ஸ்பிராக்கெட், சக்கர பேரிங், அல்லது கியர் பெட்டியின் அவுட்புட் ஷாஃப்ட் (முன் ஸ்பிராக்கெட் மாட்டியிருக்கும் ஷாஃப்ட்) பேரிங். "கியர் பாக்ஸ் போயிடுச்சு" என்று வருகிற வண்டிகளில் செயினைச் சரிசெய்ததும் சத்தம் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செல்போன் கணக்கு. இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் போனுக்குக் கிடைக்கின்றன. போனை ஜாக்கெட் பையில் வைத்து, ஒரே ஆர்பிஎம்மில் பத்து வினாடி ஓட்டி, அந்தப் பதிவைப் பாருங்கள். எந்த அதிர்வெண்ணில் முனை எழும்புகிறது என்பதை சர்வீஸ் கையேட்டில் உள்ள பற்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். கணக்கு எளிது: அந்த ஷாஃப்டின் சுற்று வேகத்தை 60-ஆல் வகுத்து, பற்களால் பெருக்கினால் ஹெர்ட்ஸ் கிடைக்கும்.

உதாரணமாக, பிரைமரி ஜோடி 20-க்கு 66 பற்கள், கிராங்க் 5,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். பிரைமரி கியரின் ஊளை சுமார் 1,667 ஹெர்ட்ஸில் இருக்கும். இன்புட் ஷாஃப்ட் அதே நேரத்தில் 1,515 ஆர்பிஎம்தான் சுற்றும். அதில் மூன்றாம் கியருக்கு 20 பற்கள் என்றால் அந்த ஊளை 505 ஹெர்ட்ஸ். அந்த ஜோடியின் மறுபக்கம் 28 பற்கள், முன் ஸ்பிராக்கெட் 14 பற்கள் என்றால் செயினின் சத்தம் 252 ஹெர்ட்ஸ் அருகே. மூன்றும் ஒன்றுக்கொன்று இவ்வளவு தள்ளி இருப்பதால் சுமாரான செயலிகூடப் பிரித்துக் காட்டிவிடும். காது ஏமாறும் இடத்தில் இந்தக் கணக்கு பெரிய துணை.

ஆயிலை வடித்துப் பார்ப்பது. ஆயில் வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி நுண்தூள் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் உருட்டினால் குத்துகிற செதில், ஊசி, பல்லின் ஓரம் என்று தெரிகிற துண்டு வந்தால் வண்டியை அன்றோடு நிறுத்துங்கள். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு வெண்கல புஷ் அல்லது வாஷரில் இருந்து வரலாம்.

## முதல் வழி: அப்படியே விட்டுக் கண்காணிப்பது

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. நான் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. புதிதாக வாங்கிய நாளில் இருந்தே ஊளை இருக்கிறது, வளரவில்லை, கியர் சுத்தமாக விழுகிறது, காந்தத்தில் பசையைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த நான்கும் சேர்ந்தால் அது வடிவமைப்பின் சத்தம். ஹோண்டா விஎஃப்ஆர்750 பைக்கில் 1986-இலேயே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை செயினுக்குப் பதில் கியர்களால் ஓட்டினார்கள். அந்த ஊளை அதன் அடையாளம். 2002-இல் விஎஃப்ஆர்800 செயினுக்கு மாறியபோது அதை இழந்ததற்காக வருந்தியவர்கள் உண்டு. அதே ஊளை வேறு ஒரு வண்டியில் கேட்டால் பயந்துவிடுகிறோம்.

மறைந்திருக்கும் செலவு கவனம்தான். இந்த வழியைத் தேர்ந்தால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் காந்தத்தைப் பார்க்க வேண்டும். அதே சாலை, அதே கியர், அதே ஆர்பிஎம்மில் ஒரு பதிவு எடுத்து வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் சும்மா விடுவது கண்காணிப்பு ஆகாது.

கியர் தானாக நழுவுகிறது, ஒரே கியரில் "டக் டக்" என்று சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது, சில நூறு கிலோமீட்டரில் சத்தம் வளர்ந்துவிட்டது என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

## இரண்டாம் வழி: ஆயிலும் வெளிவேலையும்

இன்ஜினைத் திறக்காமல் செய்யக்கூடியவை எல்லாம் இதில் அடக்கம். ஆயிலில் இருந்து தொடங்கலாம்.

பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் பெட்டி மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர் பற்களின் நடுவே நசுங்கும்போது ஆயிலில் கெட்டித்தன்மையைக் காக்கிற பாலிமர்கள் அறுந்துபோகின்றன. 40 தரமாக ஊற்றியது சில ஆயிரம் கிலோமீட்டரில் 30 தரத்தின் எல்லைக்கு இறங்கிவிடலாம். இந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எஸ்ஏஇ தரங்கள்: 100 டிகிரி செல்சியஸில் எஸ்ஏஇ 30 ஆயிலின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ், 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. ஆயில் மாற்றும் நாள் நெருங்கும்போது சத்தம் கூடி, கியர் விழுவதும் முரடாகி, புது ஆயில் ஊற்றியதும் இரண்டும் சரியானால் கியரில் குறை இல்லை. ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள், போதும்.

கெட்டியான ஆயில் பற்களின் இடைவெளியில் மெத்தை போல இருந்து கடகடப்பைக் குறைக்கும். ஊளையை அது பெரிதாகத் தொடாது, பல்லின் வடிவம் மாறுவதில்லையே. கையேட்டில் உங்கள் ஊர் வெப்பநிலைக்கு இரண்டு தரங்கள் அனுமதித்திருந்தால் அவற்றில் கெட்டியானதை முயன்று பார்க்கலாம். அந்தப் பட்டியலைத் தாண்டிப் போக வேண்டாம். குளிர்ந்த நேரத்தில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், கிளட்ச் தட்டுகள் ஒட்டி முதல் கியர் "டடாங்" என்று விழும், பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். சத்தத்துக்குக் கொடுக்கும் மறைமுக விலை இது.

கிளட்ச் ஆயிலில் நனைகிற பைக் என்றால் ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறியுள்ள ஆயில் மட்டுமே. எம்பி குறியுள்ளது உராய்வைக் குறைக்கிற வகை; கிளட்ச் வழுக்கும். சத்தம் குறைக்கும் என்று ஆயிலில் கலக்க விற்கிற சேர்க்கைகளிலும் உராய்வு குறைக்கும் பொருள்தான் பெரும்பாலும் இருக்கிறது. கார் டிஃபரன்ஷியலுக்கான கியர் ஆயிலை இதில் கலப்பதும் வேண்டாம். சத்தம் குறைந்தாலும் கிளட்ச் தட்டுகள் போய்விட்டால், மிச்சம் பிடித்த பணம் எல்லாம் அங்கே போகும்.

ஆயிலைத் தவிர மற்றவை: ஐட்லிங்கைக் கையேடு சொல்லும் அளவுக்கு உயர்த்துங்கள், 200 ஆர்பிஎம் குறைந்திருந்தாலே கடகடப்பு வரும். பல சிலிண்டர் பைக்கில் கார்புரேட்டர்களோ த்ராட்டில் பாடிகளோ ஒத்திசையாமல் இருந்தால் கிளட்ச் பாஸ்கெட் சலசலக்கும். சின்க் செய்தவுடன் அடங்குவதைக் கேட்டால் நம்பவே முடியாது. செயினை அதன் மிக இறுக்கமான இடத்தில் வைத்து அளந்து தளர்வு கொடுங்கள். பல சாலை பைக்குகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர், உறுதியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். இறுக்கமான செயின் தானும் ஊளையிடும், அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கையும் தின்றுவிடும். சின்ன வேலையாக இருந்த ஒன்று இப்படித்தான் இன்ஜின் பிரிக்கும் வேலையாக மாறுகிறது.

முன் ஸ்பிராக்கெட்டை அண்மையில் மாற்றினீர்களா? கம்பெனி ஸ்பிராக்கெட்டுகள் பலவற்றில் இரு பக்கமும் ரப்பர் வளையம் இருக்கும். வெளிச்சந்தை ஸ்பிராக்கெட்டில் அது இருக்காது. சில மாடல்களில் ஸ்பிராக்கெட் மூடியின் உள்பக்கமும் ரப்பர் ஒட்டியிருக்கும், அதைக் கழற்றிவிட்டு மறந்துபோவார்கள். "திடீரென்று கியர் சத்தம்" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதற்கு முந்தின வாரம் என்ன மாற்றினீர்கள் என்றுதான்.

கடகடப்பு இருப்பவர்கள், சக்கர வேகத்தோடு வரும் சத்தம் இருப்பவர்கள், எந்தச் சோதனையிலும் தெளிவாக முடிவு கிடைக்காதவர்கள் எல்லோரும் இந்த வழியில் இருந்து தொடங்க வேண்டும்.

## மூன்றாம் வழி: கிளட்ச் பக்க மூடியைத் திறப்பது

இன்ஜின் சட்டத்திலேயே இருக்க, ஒரு பக்க மூடியை மட்டும் கழற்றிச் செய்யும் வேலை. பிரைமரி கியர், கிளட்ச் பாஸ்கெட், பல பைக்குகளில் பேலன்சர் கியரும் இங்கே கைக்கு எட்டும்.

பாஸ்கெட்டின் பின்னால் பெரிய கியருக்கும் கூட்டுக்கும் நடுவே ஸ்பிரிங்குகளோ ரப்பர்களோ இருக்கும். எரியும்போது வரும் துள்ளலை அவை விழுங்குகின்றன. கியரை ஒரு கையால் பிடித்து, கூட்டை மற்றக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் எதிர்க்காமல் தளர்வாக ஆடினால் ஐட்லிங் கடகடப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ரிவெட் தளர்ந்திருக்கிறதா, தட்டுகளின் காதுகள் கூட்டின் விரல்களில் பள்ளம் போட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பிரைமரி ஊளைக்கு மருந்து ஜோடியாக மாற்றுவதுதான். இரண்டு கியர்களும் சேர்ந்து ஓடி ஒன்றுக்கொன்று பழகியிருக்கின்றன. புதிதாக ஒன்றை மட்டும் வைத்தால் சத்தம் கூடவே செய்யும். சில தயாரிப்பாளர்கள் இடைவெளி சரியாக அமைய கியர்களை எழுத்து அல்லது வண்ணக் குறியால் வகைப்படுத்துகிறார்கள். பழைய கியரில் அப்படிக் குறி இருந்தால் அதே குறியைக் கேட்டு வாங்குங்கள்.

சிலவற்றில் பேக்லாஷை விழுங்குவதற்காகவே ஒரு மெல்லிய இரண்டாவது கியர் ஸ்பிரிங்கோடு பக்கத்தில் ஒட்டி இருக்கும். கத்திரிக்கோல் மாதிரி இரண்டும் எதிரெதிரே விரிந்து பல்லைப் பிடிக்கும். பூட்டும்போது அதை முறுக்கி, துளைகளைச் சேர்த்து, முள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். இதைக் கவனிக்காமல் சும்மா தள்ளிப் பூட்டியதால் கிளட்ச் மாற்றிய மறுநாளே சத்தத்தோடு திரும்பிவரும் வண்டிகள் உண்டு.

மறைந்திருக்கும் செலவு நடுத்தரம்: மூடி கேஸ்கெட், ஆயில், ஆயில் வழியில் உள்ள ஓ-ரிங், கிளட்ச் நட்டின் பூட்டு வாஷர், ஹப்பைப் பிடிக்கும் கருவி. பேலன்சர் கியரின் குறிகளைச் சேர்க்காமல் பூட்டினால் சத்தம் போய் அதிர்வு வந்துவிடும்.

கிளட்ச் சோதனையும் செல்போன் கணக்கும் இந்தப் பக்கத்தைக் காட்டினால் தயங்காமல் இதைச் செய்யலாம். கிடைக்கும் பலனுக்கு மிகக் குறைவாகப் பிரிக்கிற வழி இதுதான். நேர்மையாகச் சொன்னால், கேட்பவர்களில் பலருக்குத் தேவைப்படும் அதிகபட்ச வேலையும் இதுவே.

## நான்காம் வழி: இன்ஜினை முழுதாகப் பிரிப்பது

கியர் பெட்டியின் ஜோடிகள், ஷாஃப்ட் பேரிங்குகள், கியர் மாற்றும் ஃபோர்க்குகள் எல்லாம் கிராங்க்கேஸுக்குள். செங்குத்தாகப் பிளக்கும் ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் அங்கே போக ஹெட், சிலிண்டர், மேக்னெட், கிளட்ச் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். அதாவது சத்தமில்லாத பகுதிகளையும் கலைக்கிறோம். கிடைமட்டமாகப் பிளக்கும் நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் ஹெட்டைத் தொடாமல் கீழ்ப்பாதியைக் கழற்றிவிடலாம். ரேஸ் வழிவந்த சில பைக்குகளில் கியர் தொகுதியை அலமாரித் தட்டு போலப் பக்கத்தில் இருந்து உருவலாம். உங்கள் இன்ஜின் எந்த வகை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கூலியைப் பேச வேண்டும்.

என் ஒற்றை சிலிண்டர் பைக்கில் மூன்றாம் கியரில் மட்டும் ஊளை வந்தது. பிரித்தபோது ஒரு கியரின் பற்களில் மட்டும் குழிகள் தெரிந்தன. மற்றது பார்வைக்கு நன்றாக இருந்தது. செலவைக் குறைக்க அந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன். பூட்டி ஓட்டியதும் ஊளை முன்பைவிடத் தெளிவாக, உரக்க வந்தது. இரண்டாம் முறை பிரித்து ஜோடியாக மாற்றினோம். ஒரு கியரின் விலையை மிச்சம் பிடிக்கப் போய், மொத்தக் கூலியையும் எல்லா கேஸ்கெட்டையும் இரண்டு முறை கொடுத்தேன்.

அதனால் இந்த வழிக்குப் போகிறவர்கள் முழுதாகப் போங்கள். கியர் ஜோடி, இரண்டு ஷாஃப்டின் பேரிங்குகள், ஆயில் சீல்கள், சர்க்கிளிப்புகள் எல்லாம் புதிது. ஃபோர்க்கின் முனைத் தடிமனை அளந்து கையேட்டின் எல்லையோடு ஒப்பிடுங்கள். கியரின் பக்கத்தில் உள்ள பூட்டுப் பற்களின் மூலைகள் உருண்டிருந்தால் கியர் நழுவக் காரணம் அதுவே. ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையங்கள்) எந்த வரிசையில், எந்தத் தடிமனில் இருந்தன என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேரும் முகங்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே கூடாது; ஒரு கீறல் போதும், ஆயில் கசிவு நிரந்தரமாகிவிடும்.

எப்போது இது சரி? காந்தத்தில் துண்டு வந்திருக்கிறது, கியர் நழுவுகிறது, பேரிங் கரகரப்பு வளர்கிறது, அல்லது வேறு காரணத்துக்காக ஏற்கெனவே இன்ஜின் பிரிந்து கிடக்கிறது. இவை எதுவும் இல்லாமல் ஊளை காதுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிப்பதற்குப் பதில் பழைய இன்ஜினை வாங்கி மாற்றலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். அதன் கியர் எப்படி இருக்கிறது என்று ஓட்டிப் பார்க்காமல் தெரியாது. இன்ஜின் எண் மாறுவதால் பல நாடுகளில் பதிவு ஆவணத்தையும் திருத்த வேண்டும். உதிரிபாகம் கிடைக்காத பழைய மாடலுக்கு மட்டும் இது யோசிக்கத் தக்கது.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் சத்தம் | திருப்ப முடியுமா | கூடவே வரும் செலவு |
|---|---|---|---|
| விட்டுக் கண்காணிப்பது | முதல் நாளில் இருந்தே உள்ள, வளராத ஊளை | தேவையில்லை | ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் பரிசோதனை |
| ஆயில், வெளிவேலை | ஐட்லிங் கடகடப்பு, சக்கர வேகத்தோடு வருவது | முடியும் | தவறான ஆயில் என்றால் கிளட்ச் தட்டுகள் |
| கிளட்ச் பக்கம் | ஆர்பிஎம்மைப் பின்தொடரும் ஊளை, டேம்பர் தளர்வு | பெரும்பாலும் | கேஸ்கெட், வாஷர், ஜோடிக் கியர் |
| முழுப் பிரிப்பு | ஒரே கியரில் வளரும் ஊளை, பேரிங் கரகரப்பு, கியர் நழுவல் | முடியாது | பேரிங்குகள், சீல்கள், கூலி, நாட்கள் |

## இரண்டு வழிக்கு நடுவே நிற்பவர்களுக்கு

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் நீங்களாக எதையும் திறக்காதீர்கள். ஆர்பிஎம், கியர், கிலோமீட்டர் குறித்த பதிவோடு புகாரை எழுத்தில் கொடுங்கள். சத்தம் பிறகு வளர்ந்தால் அந்தத் தேதி உதவும்.

வண்டியை ஆறு மாதத்தில் விற்கப் போகிறீர்கள், சத்தம் வெறும் ஊளை, ஆபத்தின் அறிகுறி எதுவும் இல்லை என்றால் இரண்டாம் வழியோடு நிறுத்திக்கொண்டு, வாங்குபவரிடம் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஆபத்தின் அறிகுறி இருந்தால் விற்பதானாலும் சரி, அப்படியே கொடுக்காதீர்கள். பின்சக்கரம் பூட்டும்போது சீட்டில் இருக்கப்போவது அவர்.

மூன்றாம் வழிக்கும் நான்காம் வழிக்கும் நடுவே நிற்கிறீர்கள் என்றால் மூடியை மட்டும் முதலில் திறந்து பார்க்கலாம். கிளட்சைக் கழற்றிய பிறகு இன்புட் ஷாஃப்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க முடியும். கையில் ஆட்டம் தெரிந்தால், அல்லது சுற்றும்போது கரகரவென்று விரலுக்குத் தட்டினால், உள்ளே போகத்தான் வேண்டும். ஷாஃப்ட் உறுதியாக, மெத்தென்று சுற்றினால் மூடியைப் பூட்டிவிட்டு ஓட்டுங்கள்.

புதுக் கியர் ஜோடி போட்டவர்கள் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அதிக சுமையும் முழு ஆக்சிலரேட்டரும் இல்லாமல் ஓட்டி, அந்த ஆயிலை வழக்கமான காலத்துக்கு முன்பே வடித்துவிடுங்கள். பற்கள் பழகும்போது உதிரும் நுண்தூள் அதில் இருக்கும். பழைய பதிவு எடுத்த அதே சாலையில், அதே கியரில், அதே ஆர்பிஎம்மில் அன்றைக்கு இன்னொரு பதிவு எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.